580 வோல்ட்டை காதுல மாட்டிக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

போன தடவை ஏதோ ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, நானே கட்டின எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன்ல (காயில், காந்தம் இல்லாம, சார்ஜ் ஏத்தின ஃபிலிமை ஆட்டிப் பாடற ரகம்) பாட்டு கேட்டுக்கிட்டே எழுதறேன்னு சும்மா போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன், வினை அங்கதான் ஆரம்பிச்சுது. வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி அதைப் பத்திதான். பேர் போட வேணாம்னு பாதி பேர் கேட்டுருக்கறதால யார் பேரையும் போடல.

கேள்வி: அண்ணே, நான் காலேஜ் மூணாவது வருஷம். எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன் கட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 580 வோல்ட் காது பக்கத்துல இருக்கும்னு சொன்னதும் அம்மா பயந்துட்டாங்க. நிஜமாவே ஆபத்தா?

பதில்: தம்பி, அம்மா பயந்ததுல தப்பே இல்ல, ஆனா பயப்பட வேண்டிய இடம் காது இல்ல, மேஜை மேல உக்காந்திருக்கற ஆம்ப், அதாவது சிக்னலை பெருசாக்கி ஹெட்ஃபோனுக்கு அனுப்பற ஆம்ப்ளிஃபையர். அந்த 580 வோல்ட்டுக்கு பயஸ்னு பேரு. நடுவுல இருக்கற ஃபிலிமுக்கு சார்ஜ் ஏத்தி வைக்கத்தான் அது, கரன்ட்னு பாத்தா ஒண்ணுமே ஓடாது, அதுவும் போக வழியில 4.7 மெகாஓம் மாதிரி ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டுருப்பாங்க, அப்ப எங்கயாவது நேரா ஷார்ட்டே ஆனாலும் வகுத்துப் பாருங்க, 0.12 மில்லிஆம்ப் தான் வரும். அந்த ரெசிஸ்டரை மட்டும் "எதுக்கு இவ்ளோ பெருசு"ன்னு குறைச்சுப் போட்டுடாதீங்க, காவல்காரனே அவன்தான்.

வில்லன் யாருன்னா ஸ்டேட்டருக்கு, அதாவது ஃபிலிமுக்கு ரெண்டு பக்கமும் நிக்கற தகடுகளுக்குப் போற சிக்னல் லைன். அதுல முந்நூறு நானூறு வோல்ட் ஆடும், பின்னாடி வேணுங்கற கரன்டை அனுப்ப பவர் சப்ளை தயாரா நிக்கும். சில டிசைன்ல அவுட்புட்ல 5 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும், அது நம்மளைக் காப்பாத்தும்னு நம்பிடாதீங்க, 400 வோல்ட்டுக்கு அது வழியா 80 மில்லிஆம்ப் போகும், ஆளை முடிக்க அது தாராளம். அதனால கேபிள், பிளக், காதுப் பக்கத்து ஸ்டேட்டர் இது மூணுலயும் இன்சுலேஷன்ல கஞ்சத்தனம் கூடவே கூடாது. சுவிட்சை அணைச்சதும் ஆம்ப் தூங்கிடுச்சுன்னும் நினைக்காதீங்க, கெபாசிட்டர்ல சார்ஜ் அப்படியே நிக்கும், அதை வடிக்கறதுக்குன்னு ப்ளீடர் ரெசிஸ்டர் போட்டுருந்தாலும் மல்டிமீட்டர் வச்சு பாத்து அஞ்சு வோல்ட்டுக்கு கீழ வந்தப்புறம்தான் கை. லைவா இருக்கும்போது அளந்தே ஆகணும்னா ஒரு கை முதுகுக்குப் பின்னால. இன்னொண்ணு, எனக்கு நடந்ததால சொல்றேன், ஆம்ப்ல வர்ற சில மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்ல முதுகுல இருக்கற உலோகத் தகடே டிரெயின்தான், அதாவது வோல்ட்டேஜ் நிக்கற கால், நடுவுல மைக்கா இன்சுலேட்டர் வைக்காம முறுக்கிட்டா ஹீட்சிங்க் முழுக்க லைவ் ஆயிடும். வயரை ஒதுக்கலாம்னு புறங்கையால ஹீட்சிங்கை லேசா தொட்டேன், கை தன்னால பறந்து பின்னாடி இருந்த அலமாரியில போய் இடிச்சுது. ஒரு கை முதுகுக்குப் பின்னால இருந்ததாலதான் இந்தப் பகுதியை எழுதிட்டு இருக்கேன்.

என் யோசனை கேட்டா, முதல் தடவை ஹெட்ஃபோனை மட்டும் கட்டுங்க. ஆம்ப் யாராவது ஒழுங்கா செஞ்சது, பழசா இருந்தாலும் பரவால்ல, வாங்கிக்கோங்க. அம்மாகிட்டயும் அப்படியே சொல்லுங்க.

கேள்வி: காயில் இல்ல, காந்தம் இல்ல, அப்புறம் எப்படி சார் சத்தம் வருது?

பதில்: ஓட்டை போட்ட ரெண்டு தகடு, அதுதான் ஸ்டேட்டர். நடுவுல சார்ஜ் ஏத்தின மெல்லிசு ஃபிலிம். ஒரு தகட்டுல சிக்னல் பிளஸ்ஸா போகும்போது இன்னொண்ணுல மைனஸா போகும், ஒண்ணு இழுக்க ஒண்ணு தள்ள ஃபிலிம் ஆடுது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்களே, இதுல அந்த இடிதான் பாட்டு.

சாதா ஸ்பீக்கர்ல கூம்பை ஒரு இடத்துல, காயில் இருக்கற இடத்துல மட்டும் பிடிச்சு ஆட்டறோம். இதுல ஃபிலிமோட மொத்தப் பரப்பையும் ஒரே நேரத்துல பிடிச்சு ஆட்டறோம். கனமும் கிடையாது. 7 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு வட்டம், 2 மைக்ரான் கனம், கணக்குப் போட்டா சுமார் 11 மில்லிகிராம் வருது. அதை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிக்கற காத்தோட எடை 46 மில்லிகிராம். ஆட்டறவனை விட ஆடுற காத்து கனம், வேடிக்கைதான் இல்ல?

ஸ்டாக்ஸ்னு ஒரு ஜப்பான் கம்பெனி 1960ல எஸ்ஆர்-1னு முதல் ஜோடியை வித்தாங்க, அவங்க இன்னைக்கும் இதை ஹெட்ஃபோன்னு சொல்ல மாட்டாங்க, இயர்ஸ்பீக்கராம். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி 1957ல இங்கிலாந்துல பீட்டர் வாக்கரோட குவாட் கம்பெனி இதே வித்தையில ஆள் உசரத்துக்குப் பாதி இருக்கற ஸ்பீக்கரையே வித்தாச்சு.

கேள்வி: ஃபிலிமை இழுத்து ஒட்டறதுக்குள்ள உசிர் போகுது. நாலு தடவை கட்டிட்டேன், பயஸ் குடுத்ததும் டப்புன்னு ஒரு பக்க ஸ்டேட்டர்ல போய் ஒட்டிக்குது. ஸ்டேட்டர் துளை போட்ட இரும்புத் தகடு, ஸ்பேசர் 0.3 மில்லிமீட்டர், பயஸ் 580. எங்க தப்பு?

பதில்: ரெண்டு இடத்துல தப்பு, நல்லவேளை எல்லாத்தையும் எழுதுனீங்க. முதல்ல ஸ்பேசர், அதாவது ஃபிலிமுக்கும் தகட்டுக்கும் நடுவுல இடைவெளி விடற வளையம். 580 வோல்ட்டுக்கு 0.5 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கறதுதான் வழக்கம், 0.3ங்கறது அந்தக் காலத்து 230 வோல்ட் பயஸுக்கு உள்ள கணக்கு. இடைவெளி குறைஞ்சா சத்தம் கூடும்னு எல்லாருக்கும் ஒரு நப்பாசை, எனக்கும் இருந்துச்சு, ஆனா ஃபிலிம் தகட்டுக்கிட்ட ஒரு முடி அளவு நகர்ந்தாலே அந்தத் தகடு இன்னும் பலமா இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் கிட்ட போகும், இன்னும் இழுக்கும், கடைசியில டப்பு. அதை எதிர்த்து நிக்கறது ஃபிலிமோட இழுவிசை ஒண்ணுதான். அப்ப ரெண்டாவது தப்பு எதுன்னு புரிஞ்சிருக்கும், இழுத்தது பத்தல.

அதுக்காக வெறி பிடிச்சு இழுக்காதீங்க. ரொம்ப இறுக்கிட்டா பேஸ் காணாமப் போயிடும், ஃபிலிமோட சொந்த அதிர்வெண் மேல ஏறி அதுக்கு கீழ எல்லாம் மெலிஞ்சிடும். தளர்ந்தா ஒட்டிக்கும், இறுகினா பேஸ் போகும், இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்துதான் நமக்கு விட்டுருக்கு. நான் செய்யறது என்னன்னா, கண்ணாடித் தகடு ஒண்ணை ஸ்பிரிட் போட்டு துடைச்சு அது மேல ஃபிலிமை விரிச்சு, சுத்திவர டேப் துண்டால எதிரும் புதிருமா கொஞ்சம் கொஞ்சமா இழுத்து சுருக்கமே இல்லாம பண்ணிட்டு, அப்புறம் வளையத்துல பசை தடவி மேல வச்சு வெயிட் ஏத்திடுவேன். பசை நல்லா காஞ்சப்புறம் ஹீட் கன்னை தள்ளிப் பிடிச்சு ஒரு சுத்து காட்டினா மைலார் (இந்த ஃபிலிமோட பிளாஸ்டிக்) சுருங்கி இன்னும் கொஞ்சம் ஏறும், தோல் வாத்தியத்தை சூடு காட்டி ஏத்தற மாதிரி. கிட்ட கொண்டு போனா ஓட்டைதான், சொல்லிட்டேன். சிலர் சைக்கிள் ட்யூபை வட்டமா வச்சு அதும் மேல ஃபிலிமை ஒட்டி, காத்தடிச்சு எல்லாப் பக்கமும் சமமா இழுக்கறாங்க, பெரிய பேனலுக்கு அது அருமையான வழி, ஹெட்ஃபோன் சைசுக்கு எனக்கு டேப்பே போதும். டபுள் சைட் டேப்ல மட்டும் ஃபிலிமை நிரந்தரமா ஒட்டாதீங்க, நாள்பட இளகும், ஆறு மாசம் நல்லா பாடினது ஏழாவது மாசம் டப்புன்னு ஒட்டிக்கும்.

இரும்புத் தகடு பத்தியும் ஒரு வார்த்தை. துளை போட்ட தகட்டுல ஒரு பக்கம் பிசிறு நிக்கும், கையால தடவினா தெரியும். அந்த ஒவ்வொரு பிசிறும் ஒரு குட்டி இடிதாங்கி, சார்ஜ் அங்கதான் கசியும், அமைதியான பாட்டுல சிர்ர்னு ஒரு சத்தம் கேக்கும். தேச்சு மழமழன்னு ஆக்கி பெயின்ட் அடிக்கணும். இல்லன்னா 1.6 மில்லிமீட்டர் பிசிபியில, அதாவது சர்க்யூட் போர்டுல ஸ்டேட்டர் அடிச்சு வாங்கிடுங்க, தட்டையா வரும், சோல்டர் மாஸ்க்கே இன்சுலேஷன். பரப்புல மூணுல ஒரு பங்கு துளையா இருந்தா நல்லது.

கேள்வி: மெல்லிசு ஃபிலிம் கிடைக்கல. எமர்ஜென்சி போர்வைன்னு வெள்ளி கலர்ல பளபளன்னு வருதே, அது மைலார்தானே, மேல உலோகமும் பூசியிருக்கு, கோட்டிங் வேலையும் மிச்சம்னு நினைச்சேன்.

பதில்: கெட்டிக்காரத்தனமான யோசனை, ஆனா உதவாது. மைலார்தான், ஆனா 12 மைக்ரான் பக்கம் வரும், நமக்கு வேண்டியது 2ல இருந்து 6 மைக்ரான், ஃபிலிம் கெபாசிட்டர் சுத்தறதுக்கு வர்ற ரகம். கனத்தைக்கூட பொறுத்துக்கலாம், அந்த அலுமினியப் பூச்சுதான் குடியைக் கெடுக்கும்.

இந்த விஷயம் கொஞ்சம் நுணுக்கம், பொறுமையா படிங்க. சார்ஜை தாங்கறதுக்கு ஃபிலிம் மேல மெல்லிசா ஒரு கோட்டிங் தடவறோம், அந்த சார்ஜ் இடம் மாறாம அங்கங்கயே நிக்கணும். நின்னாதான் சிக்னல் எவ்வளவோ அவ்வளவே விசை, டிஸ்டார்ஷன் தலைகாட்டாது. உலோகம் பூசினா சார்ஜ் ஓடும், ஃபிலிம் எங்க தகட்டுக்கு கிட்ட வருதோ அங்க போய் குவியும், இழுவை அங்க கூடும், போன பதில்ல சொன்ன டப்புக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி. எங்கயாவது பொறி விட்டா மொத்த சார்ஜும் அந்த ஒரு இடத்துல கொட்டி ஃபிலிம்ல ஓட்டை வேற. அதனால கோட்டிங் கரன்டை கடத்தியும் கடத்தாத மாதிரி இருக்கணும், சதுரத்துக்கு பத்து கோடி ஓம்ல இருந்து பத்தாயிரம் கோடி ஓம் வரைக்கும் எங்க இருந்தாலும் சரி. சாதா மல்டிமீட்டர் அவ்வளவு தூரம் அளக்காது, அது ஒரு வசதி, மீட்டர்ல ஏதாவது நம்பர் தெரிஞ்சுதுன்னா கோட்டிங் அதிகம்னு அர்த்தம்.

ஆன்ட்டிஸ்டாட்டிக் ஸ்ப்ரே நிறைய பேர் அடிக்கறாங்க. ஆல்கஹால்ல கரையற நைலான் ஒரு ரகம் இருக்கு, அதைக் கரைச்சு தடவறவங்களும் உண்டு, அது நாள் தாங்குது. கிராஃபைட் பொடியை பஞ்சால தேய்தேய்னு தேச்சு பெரும்பாலும் துடைச்சே எடுத்துடறது பழைய வழி, பொறுமை உள்ளவங்களுக்கு. பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியும் வேலை செய்யும், சிரிக்காதீங்க, சோதனைக்கு நான் இன்னும் அதைத்தான் தடவறேன், காத்துல ஈரம் குறையற அன்னைக்கு சத்தமும் குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: பயஸ் 580 வோல்ட் இருக்கணும், மல்டிமீட்டர்ல 395 தான் காட்டுது. ரெண்டு தடவை போர்டையே மாத்திட்டேன்.

பதில்: ஐயய்யோ, போர்டு மேல தப்பே இல்லங்க. உங்க மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம், வழியில 4.7 மெகாஓம் ரெசிஸ்டர், ரெண்டும் சேந்து வோல்ட்டேஜை பங்கு போட்டுக்குது. 580ஐ 10ஆல பெருக்கி 14.7ஆல வகுங்க, 395 வரும். கச்சிதமா கட்டியிருக்கீங்க. கழட்டின ரெண்டு போர்டையும் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்கதானே?

கேள்வி: அரைமணி நேரம் கேட்டா இடது பக்கம் சத்தம் கம்மியாயிடுது. அணைச்சு வச்சு மறுநாள் போட்டா சரியா இருக்கு. ஆம்ப் கோளாறா, ஹெட்ஃபோன் கோளாறா?

பதில்: ஆம்ப்போட இன்புட்ல லெஃப்டையும் ரைட்டையும் மாத்தி சொருகுங்க. இன்புட் வயரை மட்டும் மாத்தினீங்கன்னா ஆம்ப்போட ஒரு சேனல் படுத்தாலும் அதே காதுதான் மெலியும், அதனால அதோட நிறுத்தாம ஹெட்ஃபோன் பிளக்குல இருந்து கப்புக்குப் போற ஒயரையும் மாத்திப் பாக்கணும், அப்ப மெலிவு அடுத்த காதுக்கு நகர்ந்தா ஆம்ப் திருடன், அதே காதுல நின்னா ஹெட்ஃபோன் திருடன். ஆனா நீங்க சொல்ற அறிகுறிக்கு நான் பந்தயம் கட்டறது ஹெட்ஃபோன் மேலதான். அந்தப் பக்கம் சார்ஜ் எங்கயோ கசியுது. தலையோட சூடும் வேர்வை ஈரமும் சேந்து ஸ்பேசர் ஓரத்துல ஒரு வழி போட்டுக்கும், இல்ல ஒரு தூசியோ முடியோ ஃபிலிமுக்கும் தகட்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கும். பயஸ் வர்றது அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியா, துளி கசிவுக்கே அது ஈடு குடுக்க முடியாம வோல்ட்டேஜ் இறங்கிடும்.

பிரிச்சு, ஸ்பேசர் ஓரத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காயவிட்டு மூடுங்க. டிரைவருக்கு முன்னாடியும் பின்னாடியும் மெல்லிசா ஒரு தூசி மறைப்பு ஃபிலிம் ஒட்டுங்க, அது இல்லாம கட்டறது கதவு இல்லாத வீடு. முந்தின ஜோடியில நானும் ஒட்டாமதான் விட்டேன்.

கேள்வி: கப்பை காதோட அழுத்தினா புர்ர்னு ஒரு அசிங்கமான சத்தம் வருது. கிழிஞ்சுருச்சா?

பதில்: இல்லம்மா. உள்ள மாட்டின காத்து ஃபிலிமைத் தள்ளி ஸ்டேட்டர்ல மோத விடுது, அவ்வளவுதான். கம்பெனி ஹெட்ஃபோன்லயும் வரும், வெளிநாட்டுக்காரங்க அதுக்கு வச்சிருக்கற செல்லப்பேரை பத்திரிகையில எழுத முடியாது. புர்ர் வருதுன்னா இயர்பேட் நல்லா அடைச்சு உக்காருதுன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க. அது கொஞ்சம்கூட வரலன்னாதான் எங்கயோ காத்து கசியுது, பேஸும் அது வழியா போயிட்டு இருக்கு.

கேள்வி: பேட்டரியில ஓடற மாதிரி, பாக்கெட்ல வைக்கற மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்ப் கட்ட முடியுமா? கேட்டவங்க எல்லாம் சிரிக்கறாங்க.

பதில்: சிரிக்கறவங்க சிரிக்கட்டும், கம்பெனிக்காரங்களே செஞ்சு வித்துட்டாங்க. 2015ல ஷூர் கேஎஸ்இ1500னு காதுக்குள்ள சொருகற எலக்ட்ரோஸ்டாட்டிக்கை பேட்டரி ஆம்போட கொண்டு வந்தாங்க, பயஸ் 200 வோல்ட் தான். ஸ்டாக்ஸும் 2018ல எஸ்ஆர்எம்-டி10னு பேட்டரியில ஓடற ஒண்ணை விட்டாங்க. முடியுமான்னு கேக்க வேண்டியதில்ல, எவ்வளவு நேரம் ஓடும்னுதான் கேக்கணும், அதை கணக்காவே போட்டுடலாம்.

மேஜை ஆம்ப் மாதிரி மொத்தம் 600 வோல்ட் சப்ளை, ஒரு பக்கத்துக்கு, அதாவது ஒரு ஸ்டேட்டர் தகட்டுக்கு, 5 மில்லிஆம்ப் கிளாஸ் ஏன்னு வைங்க (பாட்டு இல்லாதப்பவும் அந்த கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும்), அப்ப ஒரு பக்கம் 3 வாட், ரெண்டு சேனலுக்கு நாலு பக்கம், 12 வாட். வோல்ட்டேஜை ஏத்தற கன்வர்ட்டர் தன் பங்கைத் தின்னது போக பேட்டரியில இருந்து 15 வாட் உறிஞ்சும். 18650ங்கற லித்தியம் செல் ரெண்டு போட்டா 21 வாட்-ஹவர் சொச்சம், ஒன்றரை மணி நேரத்துல காலி, பெட்டியும் கை வைக்க முடியாம கொதிக்கும். பாக்கெட்ல வச்சா நீங்களும் சேந்து கொதிப்பீங்க.

இப்ப எவ்வளவு வேணும்ங்கற பக்கத்துல இருந்து வாங்க. இந்த ரக ஹெட்ஃபோனுக்கு 100 வோல்ட் குடுத்தா சுமார் 100 டெசிபல் வரும். நாம சாதாரணமா கேக்கறது 75, 80, அதுக்கு 10 வோல்ட்டே போதும், மேளம் விழற இடத்துல 20 டெசிபல் குதிச்சாலும் 100 வோல்ட் தான். அப்ப மொத்த சப்ளையை 300 வோல்ட்டா இறக்கி, ஒரு பக்கத்துக்கு 2 மில்லிஆம்ப் வச்சா 0.6 வாட், நாலுக்கும் சேத்து 2.4, கன்வர்ட்டர் நஷ்டத்தோட 3 வாட். அதே ரெண்டு செல்லுல ஏழு மணி நேரம் ஓடும், 200 வோல்ட் பக்கம் அவுட்புட்டும் கிடைக்கும். எங்க விட்டுக்குடுக்கறோம்னா மேல் ஸ்தாயியில. ஹெட்ஃபோன்ங்கறது 110 பிகோஃபேரட் பக்கம் வர்ற ஒரு கெபாசிட்டர், அதிர்வெண் ஏற ஏற கரன்ட் அதிகமா கேக்கும், 2 மில்லிஆம்ப்ல முழு வோல்ட்டேஜையும் 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஆட்ட முடியும். பாட்டுல அந்த உசரத்துல அவ்வளவு பலமா எதுவும் வராதுங்கறதால காதுக்கு இது தெரியாது, அளந்து பாக்கறவங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

பயஸ் பத்தி கவலையே வேணாம், அதுக்கு கரன்ட் கிடையாதுங்கறதால டயோடும் கெபாசிட்டரும் அடுக்கி வோல்ட்டேஜ் மல்ட்டிப்ளையர் போட்டு ஒரு விரல் அளவு போர்டுல முடிச்சுடலாம். தலைவலி குடுக்கறது கன்வர்ட்டரோட ஸ்விட்சிங் சத்தம். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயே ஓட விட்டு, தனியா தகரத்துல மூடி, இன்புட் வயரை அது பக்கமே கொண்டு போகாதீங்க. அப்புறம் ஒண்ணு, இவ்வளவும் செஞ்சு முடிச்சுட்டு வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு பாத்தா ஹெட்ஃபோன் பின்பக்கம் திறந்தது, வண்டிச் சத்தம் எல்லாம் உள்ள, நம்ம பாட்டு எல்லாம் வெளிய. என் பேட்டரி ஆம்ப் கட்டிலைத் தாண்டி எங்கயும் போனதில்ல.

கேள்வி: சிமாய் ஆம்ப் ஒண்ணு தகர டப்பாவுல கட்டி வச்சிருக்கேன் அண்ணா. அதோட அவுட்புட்ல ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு எலக்ட்ரோஸ்டாட்டிக்கை ஓட்டலாமா?

பதில்: குருவி தலையில பனங்காய். சிமாய்ங்கறது சூ மாய்ங்கறவர் 90கள் கடைசியில ஹெட்வைஸ் தளத்துல போட்ட டிசைன், ஒரு ஆப்-ஆம்ப் சிப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான், சாதா ஹெட்ஃபோனுக்கு இன்னைக்கும் முதல் ப்ராஜெக்ட்டா அதைத்தான் கைகாட்டுவேன், எத்தனையோ பேர் சோல்டரிங் பழகினதே அதுல. ஆனா ட்ரான்ஸ்ஃபார்மரை இழுக்க அதுக்கு தெம்பு கிடையாது.

ட்ரான்ஸ்ஃபார்மர் யோசனை மட்டும் நல்ல யோசனை, அதை விடாதீங்க. நாலஞ்சு வாட் ஒழுங்கா குடுக்கற ஒரு ஸ்பீக்கர் ஆம்ப் எடுங்க. 6 வோல்ட் செகண்டரியும் ரெண்டு 115 வோல்ட் பிரைமரியும் உள்ள டோராய்டை (வளைய வடிவ பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்) தலைகீழா மாட்டுங்க, 6 வோல்ட் பக்கம் ஆம்ப், ரெண்டு 115ஐயும் வரிசையா சேத்து ரெண்டு ஓரமும் ஸ்டேட்டருக்கு, சேர்ற நடுப்புள்ளி கிரவுண்டுக்கு. விகிதம் 38 மடங்கு வருது, ஆம்ப் 5 வோல்ட் குடுத்தா அந்தப் பக்கம் 190. சேனலுக்கு ஒண்ணு வேணும். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்ங்கறதால உச்ச ஸ்தாயியில கொஞ்சம் சறுக்கும், பேஸ்ல வால்யூமை ஏத்தினா கோர் நிறைஞ்சு உறுமும், இருந்தாலும் முதல் தடவை காதுல மாட்டிப் பாக்கும்போது இந்தக் குறை எதுவும் உங்க கவனத்துல இருக்காது. இந்தப் பக்கமும் 190 வோல்ட்ங்கறதை மட்டும் கவனத்துல வைங்க.

கேள்வி: நானும் நண்பனும் மூணு ஆம்ப் வச்சு ஒரு வாரமா ஒப்பிட்டோம். வால்வ் ஆம்ப்புக்கும் மத்த ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்ங்கறான் அவன். எனக்கு அவ்வளவா தெரியல. என் காது மோசமா?

பதில்: உங்க காது நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு கேள்வி, மூணுலயும் சத்தத்தை எப்படி சமமா வச்சீங்க? வால்யூம் குமிழை கண்ணால பாத்து வச்சிருந்தீங்கன்னா அந்த ஒரு வாரமும் வீண். அரை டெசிபல் கூட இருந்தா அது சத்தமா இருக்குன்னு தோணாது, தெளிவா இருக்கு, உசிரோட இருக்குன்னுதான் தோணும். வால்வ் ஆம்ப்ல கெயின் கூடுதலா இருந்திருக்கும், வேற ரகசியம் இருக்கணும்னு அவசியமில்ல.

400 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு, ஸ்டேட்டருக்குப் போற பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ஏசி வோல்ட்டேஜை அளங்க. ஒண்ணுல 10 வோல்ட்னா இன்னொண்ணுல 10.1க்குள்ள வரணும், அது 0.1 டெசிபலுக்குள்ள. மீட்டரும் அதோட வயரும் 600 வோல்ட்டுக்கு மேல தாங்கறதா இருக்கட்டும், ஏன்னு முதல் பதில்ல பாத்தாச்சு. அப்புறம் உங்க நண்பன் எது ஓடுதுன்னு தெரியாம உக்காரட்டும், நீங்க காசு சுண்டிப் பாத்து மாத்துங்க, பத்து தடவை. பத்துல ஒன்பது சரியா சொன்னா நான் ஒத்துக்கறேன், குருட்டாம்போக்குல அப்படி வர நூத்துக்கு ஒரு வாய்ப்புதான். எட்டுன்னா இன்னொரு சுத்து. ஏழுக்கு கீழ வந்தா அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, நட்பு முக்கியம்.

வித்தியாசமே இருக்காதுன்னு நான் சொல்லல. திணறுற ஆம்ப்புக்கும் திணறாத ஆம்ப்புக்கும் வித்தியாசம் உண்டு, ட்ரான்ஸ்ஃபார்மர் டப்பாவையும் கெவின் கில்மோர் போட்டுக்குடுத்த கேஜிஎஸ்எஸ் மாதிரி ஒழுங்கான டிசைனையும் பக்கத்துல வச்சா பேஸ்லயே தெரியும். ஆனா ஒழுங்கா கட்டின ரெண்டு ஆம்ப்புக்கு நடுவுல நான் இதுவரைக்கும் கேட்ட வித்தியாசத்தை விட, அதே ஹெட்ஃபோனை கண்ணாடி போட்டுட்டு கேக்கறதுக்கும் கழட்டிட்டு கேக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் பெருசு. கண்ணாடிக் காம்பு இயர்பேடைத் தூக்கிடும், பேஸ் ஓடிடும். உங்க ரெண்டு பேர்ல யாரு கண்ணாடி?

கேள்வி: தாத்தா வச்சிருந்த ஆறு பின் உள்ள பழைய ஸ்டாக்ஸ் ஒண்ணு கிடைச்சுது. என்கிட்ட இருக்கற ஆம்ப்ல அஞ்சு துளைதான். ஒரு பின்னை வெட்டிட்டு சொருகலாமா?

பதில்: வெட்டாதீங்க! ஆறு பின் 230 வோல்ட் பயஸ், அஞ்சு துளை 580. நடுப்பின் உள்ள போகாததே உங்க தாத்தா சொத்தைக் காப்பாத்தத்தான். அஞ்சு பின் ஹெட்ஃபோனை ஆறு துளையில சொருகினா ஒண்ணும் ஆகாது, பயஸ் குறையறதால 8 டெசிபல் மெலிசா பாடும், அவ்வளவுதான். தலைகீழா மட்டும் கூடாது. 230 வோல்ட் பயஸ் தனியா ஒரு சின்ன போர்டுல எடுத்து ஆறு துளை சாக்கெட் ஒண்ணை கூடவே போட்டுக்கோங்க.

கேள்வி: இதுவரைக்கும் எத்தனை கட்டியிருக்கீங்க, எது நல்லா வந்துச்சு? மறைக்காம சொல்லணும்.

பதில்: ஏழு ஜோடி. இப்ப பாடறது மூணு. முதல் ரெண்டு ஃபிலிம் ஒட்டிக்கிட்டு போச்சு, ஒண்ணு தூசி, ஒண்ணுல நானே ஹீட் கன்னை கிட்ட கொண்டு போயிட்டேன். நல்லா வந்தது அந்த ஹீட் கன் ஜோடியோட இடது பக்கம்தான், அது மாதிரி ஒரு டிரைவர் அதுக்கு முன்னயும் வரல பின்னயும் வரல, வலது பக்கம்தான் ஓட்டை. இடதுக்கு ஈடா ஒரு வலது கட்டறதுக்குத்தான் மத்த மூணு ஜோடியும் கட்டினது, இன்னும் அமையல.